எழுதிக்காமக் குடுக்கிறவன்

அன்புள்ள டீச்சருக்கு,

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன். கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை. போன மாதம் லீவில் வீட்டுக்கு வந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊர் பார்க்கப் போனேன். அம்மா இதுவரை நுவரெலியாவுக்கு ஆஸ்பத்திரிக்காக மட்டும்தான் போயிருக்கிறார். கிரகரி வாவியில் படகில் ஏற்றினேன். திரும்பும் வழியில் சென் கிளயர் நீர்வீழ்ச்சி தெரிகிற இடத்தில் இறங்கி நின்றோம். அம்மா நீர்வீழ்ச்சியைப் பார்க்கவே இல்லை. எதிர்மலையைக் காட்டி, "கொழுந்து முத்திப் போச்சு, எடுக்க ஆளில்ல போல" என்றார்.

சாயங்காலம் டவுனில் ஒரு கேங்ஸ்டர் படம் பார்த்தோம். அதில் தாதா நாற்காலியில் உட்கார்ந்து, வரிசையில் வருகிற சனங்களுக்குப் பணம் கொடுப்பார். எல்லோரும் கும்பிட்டு வாங்கிக்கொள்வார்கள். தியேட்டரே அமைதியாக இருந்த நேரத்தில் அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டார். "எழுதிக்காமக் குடுக்கிறானே!" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அம்மாவுக்குப் படம் புரியவில்லை.

என் அறையில் தங்கியிருக்கும் அண்ணன், இந்த மாதிரிப் படங்கள்தான் தோட்டத்துப் பையன்களைக் கெடுக்கின்றன என்கிறார். உண்மையா? வீட்டில் கடன் இருக்கும்போது இப்படி ஒரு நாளைச் செலவழித்தது சரியா? கேங்ஸ்டர் படங்களில் நல்ல படம் என்று ஏதாவது இருக்கிறதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்திலிருந்து படத்தின் பெயரை எடுத்துவிட்டேன். அதற்கு நான் ஏன் இலவசமாக விளம்பரம் செய்ய வேண்டும்? கடைசியில் எழுதியிருந்த செலவுக் கணக்கையும் எடுத்துவிட்டேன். பஸ், படகு, பகல் சாப்பாடு, டிக்கெட் என்று ஐஸ்கிரீம் வரைக்கும் எழுதியிருந்தீர்கள். பெற்ற தாய்க்கு வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீமைக் கணக்கில் எழுதுகிற பிள்ளையை என்னவென்று சொல்வது?

முதலில் திட்டிவிடுகிறேன். அம்மாவுக்குப் படம் புரியவில்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அந்தத் தியேட்டரில் படம் புரிந்த ஒரே ஆள் அவர்தான். திரும்பிப் பார்த்தவர்களுக்கும் புரியவில்லை, வெட்கப்பட்ட உங்களுக்கும் புரியவில்லை. பத்து வருடமாவது மேசையில் உட்கார்ந்து நான் யோசித்துக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை, ஒரு டிக்கெட் வாங்கி உள்ளே போன உங்கள் அம்மா இரண்டு வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டார். அதனால்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். பையன்கள் கெடுவது பற்றி எழுத எனக்கு ஆசையில்லை. கெடுவதற்குக் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் போதும், படம் வேண்டியதில்லை. அறை அண்ணனிடம் டீச்சர் சிரித்தார் என்று சொல்லிவிடுங்கள்.

நாள் வீணா என்ற கேள்விக்கும் இதோடு பதில் சொல்லிவிடுகிறேன். கிரகரி வாவி 1873-ல், வில்லியம் கிரகரி என்ற ஆளுநர் காலத்தில் உண்டாக்கியது. வெள்ளைக்காரர்கள் கொழும்பு வெயிலுக்குத் தப்பி வந்து படகு விட்ட இடம். சுற்றியுள்ள மலைகளில் கொழுந்தெடுத்த குடும்பத்துப் பெண் ஒருத்தி அந்தத் தண்ணீரில் படகேற இத்தனை காலம் ஆகியிருக்கிறது. உங்கள் அம்மா ஏறிவிட்டார். அந்த டிக்கெட்டின் விலை எனக்கு வேண்டாம். அவர் நீர்வீழ்ச்சியைப் பார்க்காததற்கும் வருத்தப்பட வேண்டாம். மேல் கொத்மலை அணை வந்த பிறகு அதில் பழைய தண்ணீர் இல்லை.

சரி, "எழுதிக்காமக் குடுக்கிறானே"க்கு வருகிறேன்.

உங்கள் வயதுக்காரர்களுக்குக் கங்காணி என்றால், மலையில் ஆட்களுக்குப் பின்னால் நின்று சத்தம் போடுகிற ஒருவர். நான் சொல்வது அவரை அல்ல, பெரிய கங்காணியை. தோட்டத்துக்கு ஆட்களைக் கொண்டுவரச் சொல்லித் துரை, அதாவது தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரர், முன்பணம் கொடுப்பார். கங்காணி அதை மடியில் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போவார். திருச்சி, சேலம், மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம் என்று மழை பொய்த்த பக்கங்கள். சொந்தக்காரன், சாதிக்காரன், பக்கத்துத் தெருக்காரன் எல்லோரிடமும் பேசுவார். வழிச்செலவு அவருடையது, வழிச்சாப்பாடு அவருடையது. குளிருக்கு ஒரு கம்பளியும் கொடுப்பார். வாங்குகிற நேரத்தில் எல்லாம் சும்மா கொடுக்கிற மாதிரித்தான் இருக்கும். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியாக நடந்த காலத்தில் வழியிலேயே விழுந்து செத்தவர்கள் ஏராளம். 1914-ல் தனுஷ்கோடியிலிருந்து கப்பலும் தலைமன்னாரிலிருந்து ரயிலும் ஓடத் தொடங்கிய பிறகு நடை மிச்சமானது. கடன் மிச்சமாகவில்லை.

தோட்டத்துக்கு வந்த பிறகு, காலையில் எத்தனை பேரை வேலைக்கு இறக்குகிறாரோ அத்தனை தலைக்கும் கங்காணிக்குத் தோட்டம் காசு கொடுக்கும். பென்ஸ் காசு என்பார்கள். ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டால் கங்காணிக்கு நட்டம். அதனால் விடியுமுன் லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், அவரவர் காம்பரா வாசலுக்கே வந்து, உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பார். கேட்டது அக்கறையிலா, காசுக்காகவா? கேட்ட அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

அப்புறம் துண்டு. ஒரு குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் துண்டு இல்லாமல் நகர முடியாது. இந்த ஆட்கள் மேல் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விட்டுவிடுகிறோம் என்று எழுதிய சின்னக் காகிதம் அது. புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கட்டிய பணம் மறுபடி அந்த ஆட்கள் தலையில்தான் ஏறும். 1921-ல் சட்டம் போட்டுத்தான் துண்டை ஒழிக்க வேண்டியிருந்தது.

இப்போது உங்கள் படத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். நாற்காலியில் ஒருவர், எதிரில் கும்பிட்டபடி சனம். பெரிய கங்காணிமாரின் பழைய புகைப்படங்கள் கிடைத்தால் பாருங்கள், தலைப்பாகையும் கோட்டும் கையில் தடியுமாக நிற்பார்கள். கோயிலில் முதல் மரியாதை அவருக்குத்தான். லயத்தில் சண்டை வந்தால் தீர்ப்பும் அவர்தான். நம் சினிமாத் தாதாவுக்கு உடுப்புத் தைத்தவர் இங்கே வந்துதான் அளவெடுத்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். கங்காணி பக்கத்தில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும். படத்தில் கத்தி வருகிறது, துப்பாக்கி வருகிறது, கார் பறக்கிறது. புத்தகம் வருவதே இல்லை. சனம் பயப்படுவது கத்திக்கு என்று படம் எடுக்கிறவர்கள் நினைக்கிறார்கள். உங்கள் அம்மா தேடியது அந்தப் புத்தகத்தைத்தான். அது இல்லாமல் பணம் கைமாறியதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கு அந்தப் புத்தகத்தைத் தெரியும். என் தாத்தா ஒரு சில்லறைக் கங்காணி. படத்தில் தாதாவுக்குப் பின்னால் கைகட்டி நிற்பார்களே, வசனம் இல்லாத நாலைந்து பேர், அவர்களில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் செத்து வெகுகாலத்துக்குப் பிறகும் அப்பாயி அவருடைய கணக்குப் புத்தகத்தை ட்ரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். நீளமான புத்தகம், சிவப்புத் துணி அட்டை, ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது. அப்பாயிக்கு எழுத்து தெரியாது. மழைநாளில் என்னை உட்கார வைத்து வாசிக்கச் சொல்வார். அரிசி. கம்பளி. காதுகுத்து. மறுபடி அரிசி. ஒரு பெயரின் மேல் கோடு இழுத்து, பக்கத்தில் "தவறிவிட்டான், மகன் பேரில்" என்று எழுதியிருந்தது. அடுத்த பக்கத்தில் அதே தொகை வேறொரு பெயருக்குக் கீழே இருந்தது. அந்த மகனுக்கு அப்போது என்ன வயதோ. பள்ளிக்கூடத்தில் அப்போது எங்களுக்குக் கணக்கை அடுத்த பக்கத்துக்குக் கொண்டு போகப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் எனக்கு அது சரியாகச் செய்த கணக்காகத்தான் தெரிந்தது.

அப்பாயி தொகைகளைக் கேட்கவே மாட்டார். பெயர் வந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். "அவனா, காமன் கூத்துல ரதி வேசம் கட்டுவான், பொம்பள தோத்துப் போவா." "அவ மலையில நெர பிடிச்சா பக்கத்துல யாரும் நிக்க முடியாது, அவ்வளவு வேகம்." இப்படியே ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை. அந்த மனிதர்களுக்குக் கல்வெட்டு இல்லை, கல்லறையிலும் பெயர் இல்லை. கடன் வாங்கியதால் மட்டும்தான் அவர்கள் பெயர் ஓர் இடத்தில் எழுதப்பட்டிருந்தது. பிறகு லயத்தில் தீப்பிடித்தபோது ட்ரங்குப் பெட்டியோடு அதுவும் போய்விட்டது. கடன் எரிந்து போனதற்குச் சந்தோஷப்படுவதா, பெயர்கள் போனதற்கு அழுவதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நல்ல கேங்ஸ்டர் படம் எது என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? புத்தகத்தை ஒளிக்காத படம் நல்ல படம். 1972-ல் வந்த காட்ஃபாதரைப் பாருங்கள். தாதா மகளின் கல்யாணத்தன்று மலர்ச்சாலை நடத்துகிற, அதாவது பிணங்களை அடக்கத்துக்குத் தயார் செய்கிற, ஒருவர் வந்து உதவி கேட்பதில்தான் படம் தொடங்குகிறது. தாதா பணம் வாங்குவதில்லை. ஒருநாள் நான் கேட்கும்போது செய்தால் போதும் என்ற பேச்சில் காரியம் முடிகிறது. பின்னால் அவருடைய மூத்த மகனைச் சல்லடையாகச் சுட்டுப் போடுகிறார்கள். தாய் பார்க்கிற மாதிரி அந்த உடம்பைச் சரிசெய்து கொடு என்று தாதா அதே மலர்ச்சாலைக்காரரிடம் வந்து நிற்கிறார். அங்கே யாரும் ஒரு வரி எழுதவில்லை, ஆனால் கணக்கு முழுவதும் தெரிகிறது. உங்கள் அம்மா அந்தக் காட்சிக்குச் சிரித்திருக்க மாட்டார்.

நாயகன் பற்றியும் சொல்ல வேண்டும். 1987-ல் வந்தது, பம்பாயில் தாதாவாக இருந்த வரதராஜ முதலியாரை மனதில் வைத்து எடுத்தது. அதில் பேரன் தாத்தாவிடம் நல்லவரா கெட்டவரா என்று கேட்பான். தமிழர்கள் இன்று வரை அந்தக் கேள்வியைப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு அதன் மேல் அவ்வளவு மரியாதை கிடையாது. உங்களுக்கு யார் யார் கடன்பட்டிருந்தார்கள் தாத்தா என்று அந்தப் பையன் கேட்டிருந்தால் படம் வேறு எங்கோ போயிருக்கும்.

ஆனால் அந்தப் படத்துக்கு எங்கள் தோட்டம் அழுத அழுகையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தீபாவளிக்கு ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, டவுனிலிருந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்துவந்து கோயிலுக்கு முன்னால் வைப்பார்கள். விடிய விடியப் படம் ஓடும். எல்லோரும் கம்பளி போர்த்தியிருப்பார்கள், சின்னப் பிள்ளைகள் நடுவில் தூங்கிக் கிடப்பார்கள், பனியில் திரை மங்கலாகத் தெரியும். கடைசியில் நாயகன் சுடப்பட்டு விழுந்ததும் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள், இழவு வீட்டில் அழுகிற மாதிரி. அவர்கள் கட்டியிருந்த புதுச்சேலை தீபாவளி அட்வான்சில் வாங்கியது. அட்வான்ஸ் அடுத்த மாதத்திலிருந்து சம்பளத்தில் கழியத் தொடங்கும்.

ஏன் அழுதார்கள்? படித்தவர்கள் இதற்கு அறியாமை என்று ஒரு வார்த்தையைத் தயாராக வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே கோபம் வரும். 1948-ல் குடியுரிமை இல்லை என்று சட்டம் போட்டுத் தள்ளிவிட்ட சனத்துக்குப் பொலிஸ் எது, கோர்ட் எது? 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று ஆட்களைப் பங்கு போட்டார்கள். அந்தக் கணக்கில் பெயர்கூடக் கிடையாது, தலைதான். துரைக்கு நம் பேச்சு விளங்காது, ஸ்டேஷனில் நம் பேச்சு எடுபடாது. நடுவில் நின்று பேச ஒரு ஆள் வேண்டும். அவன் தன் பங்கை எடுத்துக்கொள்வான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் கும்பிட்டார்கள். கொள்ளையடித்தாலும் அவன் நம் ஊர்ப் பெயரைச் சொல்லி விசாரித்தான், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வாசலில் வந்து நின்றான். கேங்ஸ்டர் படம் நம்மைப் பிடித்துக்கொள்வது அந்த இடத்தில்தான். வன்முறை, ஹீரோயிசம் என்று விமர்சனம் எழுதுகிறவர்கள் கொஞ்ச நாள் லயத்தில் இருந்து பார்த்துவிட்டு எழுதட்டும்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இப்போது புத்தகம் மோட்டார்சைக்கிளில் வருகிறது. நுண்கடன் என்று பெயர். நாலைந்து பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். தவணை நாளில் வாசலில் வந்து உட்கார்ந்தால் காசு சேரும் வரை எழுந்திருப்பதில்லை. அவர்கள் யாரும் கத்தி வைத்திருப்பதில்லை, நன்றாக இஸ்திரி போட்ட சட்டை போட்டிருப்பார்கள். தம்பி, வீட்டில் கடன் இருக்கிறது என்று ஒரு வரி எழுதினீர்களே, அது எந்தக் கடன், அம்மா எந்தக் குழுவில் இருக்கிறார், அடுத்த தவணை எந்தக் கிழமை? நீர்வீழ்ச்சிக்கு எதிரில் அவ்வளவு நேரம் அவரோடு நின்றீர்கள். கேட்டீர்களா?

கேட்டிருக்க மாட்டீர்கள். நாங்களும் எங்கள் அம்மாக்களைக் கேட்டதில்லை, அது வேறு விஷயம். இந்த முறை போன் எடுக்கும்போது கேளுங்கள். கண்டிப்பது போலக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டார்.

இன்னொன்று. நீங்கள் புடவைக்கடையில் வேலை செய்கிறவர் என்பதால் சொல்லத் தோன்றுகிறது. வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று பிடித்துக் கொடுத்த காலத்தில், தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசையர் தலையில் புடவை மூட்டையை வைத்துக்கொண்டு வியாபாரி வேஷத்தில் லயங்களுக்குள் நுழைந்தார். புடவை விற்கிற சாக்கில் தொழிலாளர் நிலைமையைக் கேட்டறிந்தார். 1931-ல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சியம்மை கூட்டங்களில் பாட்டுப் பாடியே சனத்தைச் சேர்த்தார். துரைமார் நடேசையரை வெறுத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பெரிய கங்காணிமாருக்கும் அவரைப் பிடிக்காது, ஆள் கணக்குக் கேட்கிறாரே! பின்னால் சங்கங்கள் வளர்ந்து, சந்தாவும் செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டிலேயே கழிகிற காலம் வந்து, தலைவர்களுக்கும் மேடையில் நாற்காலியும் மாலையும் வந்த கதையை எழுதினால் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரும். அதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

புடவை மூட்டையோடு நுழைந்த அந்த மனிதரையும், கோட்டுப் போட்ட பெரிய கங்காணியையும் எதிரெதிரே நிறுத்தி யாராவது ஒரு படம் எடுத்தால் முதல் காட்சிக்கே நான் டிக்கெட் வாங்குவேன். அதில் கணக்குப் புத்தகத்துக்குத்தான் பெரிய வேஷம் கொடுக்க வேண்டும், துப்பாக்கி எதற்கு? கொழுந்தெடுக்கிற காட்சிக்கு நடிகைகளை இறக்குவதாக இருந்தால் முதலில் உங்கள் அம்மாவிடம் அனுப்பி வைக்கட்டும். தேயிலைத் தோட்டத்தில் எடுத்த பாட்டுகளைப் பார்த்திருப்பீர்கள், ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையால் பூப் பறிக்கிற மாதிரி ஒரு இலையைக் கிள்ளுகிறார்கள். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு கையும் ஓட வேண்டும், கண் அடுத்த செடிக்குப் போயிருக்க வேண்டும், அப்படி எடுத்தால்தான் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடாமல் விடுவார்கள்.